நிறைந்த வீட்டில் புது மாப்பிள்ளை: படுக்கையறைப் பயத்தைக் கடக்க ஒரு வழிகாட்டி

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள குமுளியில் மருந்துக்கடை நடத்துகிறவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். வெட்கப்பட்டுக் கேட்கவேண்டிய மருந்தைக் கம்பத்துக்காரர் கம்பத்தில் வாங்கமாட்டார். பஸ் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி, மலையேறி இங்கே வருவார். குமுளிக்காரர் அதே மருந்துக்காக மலையிறங்கிக் கம்பம் போவார். நடுவழியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் உண்டு. கடைக்கு வந்தவர் முதலில் இருமல் மருந்து கேட்பார், பிறகு ஒரு பற்பசை, கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்த மாத்திரை இருக்கிறதா?" என்பார்.

அப்படிக் கேட்பவர்களில் நிறையப் பேர் கல்யாணமாகிச் சில வாரங்களே ஆன இளைஞர்கள். நன்றாகத் தின்று, நன்றாக உழைக்கிற உடம்பு. இரண்டு கேள்வி கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும்: தனியாக இருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது, மனைவியோடு படுத்தால் மட்டும் விறைப்பு வருவதில்லை, அல்லது வந்தது நிற்பதில்லை. மூன்றாவதாக, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்பேன். விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

வண்டிப்பெரியாறு, பீருமேடு, ஏலப்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நம் ஆட்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் லயங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் சிறு வராந்தா. அறையில் புதுத் தம்பதி, அடுப்படியில் அம்மாவும் தங்கையும், வராந்தாவில் அப்பா. பக்கத்து வீட்டுப் பெரியவர் புரண்டு படுத்தால் இங்கே கேட்கும். கம்பம், தேவாரம் பக்கத்துத் தெரு வீடுகள் கொஞ்சம் பெரியவை என்றாலும், கல்யாண வீட்டுக் கூட்டம் கலைய ஒரு மாதம் ஆகும். இத்தனை காதுகளுக்கு நடுவே ஒருவன் தன் வாழ்வின் மிக அந்தரங்கமான காரியத்தை, அதுவும் முதல்முறையாக, செய்துகாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

மாத்திரையைத் தேடி மலையேறுவதற்கு முன் செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். கல்யாணம் நிச்சயமாகி நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இப்போதே படித்துவிடுவது உத்தமம்.

முதலில் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கம்பம் பஸ் நிலையத்துக் கழிப்பறையில் நிற்கிறீர்கள். சிறுநீர் முட்டுகிறது. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்று, "சீக்கிரம்ப்பா, பஸ் எடுக்கப் போகிறான்" என்கிறார்கள். ஒரு சொட்டு வராது. அவர்கள் போனதும் தானாக வந்துவிடும். விறைப்பும் இதே கதைதான். இந்த இரண்டுக்கும் உத்தரவு கொடுக்கும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடியில் ஒரே பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டுமே உடம்பு நிம்மதியாக இருக்கும்போது வேலை செய்பவை.

ஆசை எழும்போது அந்த நரம்புகளின் தூண்டுதலில் நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கிறது. ஆணுறுப்பின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திசுக்களின் தசைகள் தளர்கின்றன. ரத்தம் உள்ளே பாய்ந்து நிரம்பி, வெளியேறும் வழி அழுத்தப்பட்டு, விறைப்பு நிற்கிறது. தளர்ந்தால்தான் விறைக்கும் என்பதைக் கவனியுங்கள். பயமோ பதற்றமோ வந்தால் அட்ரினலின் ஏறும். ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார்செய்கிற சுரப்பு அது. கை கால் தசைகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு, இந்த இடத்து ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். ஆகவே ஒருவன் எவ்வளவு 'முயற்சி' செய்கிறானோ அவ்வளவு காரியம் கெடும்.

ஒருமுறை இப்படி ஆகிவிட்டால், அடுத்த இரவு படுக்கைக்குப் போகும்போதே, "இன்றைக்கும் அப்படி ஆகிவிடுமோ" என்று மனம் கேட்கும். அந்தக் கேள்வியே அட்ரினலினை ஏற்றப் போதும். இப்படி ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும் வட்டத்தைத்தான் நம் ஊர் விளம்பரக்காரர்கள் 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயர் வைத்து லேகியம் விற்கிறார்கள்.

அடுத்து, காலையில் எழும்போது கவனியுங்கள்

ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், ஓர் இரவில் பலமுறை விறைப்பு வந்து போகும். விடியற்காலையில் விழிக்கும்போது இருப்பது அதன் கடைசிச் சுற்று. அது இருந்தால், தனிமையில் சுய இன்பத்தின்போதும் விறைப்பு சரியாக இருந்தால், நரம்பும் ரத்தக்குழாயும் பெரும்பாலும் பழுதில்லை. உங்கள் பிரச்சினை ஆட்களும் பயமும். மேற்கொண்டு இந்தக் கட்டுரையின்படி போகலாம்.

காலை விறைப்பும் பல வாரங்களாக இல்லை, தனிமையிலும் வரவில்லை என்றால் முதல் வேலை டாக்டர்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஹார்மோன் எல்லாம் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் சிலருக்கு முதன்முதலில் தலைகாட்டுவதே விறைப்புக் குறைவாகத்தான். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களின் கோளாறும் முன்கூட்டி இங்கே தெரியலாம், ஏனென்றால் இங்கிருக்கும் குழாய்கள் மெல்லியவை, முதலில் அடைபடுபவை. நாற்பது தாண்டியவர்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள்கூட விறைப்பைக் குறைக்கும். ஆனால் நீங்களாக அவற்றை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

இன்னொன்றும் உண்டு. முன்தோல் இறுக்கமாக இருந்து பின்னுக்குத் தள்ள முடியாமல் வலிப்பது சிலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது. வலிக்குப் பயந்து உடம்பு பின்வாங்கும். அவரோ ஆண்மைக்குறைவு என்று நினைத்துக்கொண்டிருப்பார். களிம்போ சிறு அறுவை சிகிச்சையோ போதும்.

ஒரு நாள், இரண்டு நாள் நடந்ததையெல்லாம் நோய் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. மனநல மருத்துவர்கள் இதை ஒரு கோளாறு என்று எழுதுவதற்கே, ஏறக்குறைய ஆறு மாதமாக, பெரும்பாலான தடவைகளில் இப்படி நடந்திருக்க வேண்டும் என்று வரையறை வைத்திருக்கிறார்கள். முதலிரவு முடிந்து மறுவீடு போவதற்குள் தீர்ப்பு எழுதிக்கொள்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மனைவியிடம் பேசுங்கள், பகலில்

எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். இதைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி இல்லை, அக்கரைக்கே போய்விட்ட மாதிரி.

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? "என்னைப் பிடிக்கவில்லையோ, வேறு யாரையாவது நினைத்துக்கொண்டிருக்கிறாரோ" என்றுதான். அவளுக்கும் இது புது வீடு, புது மனிதர்கள். மாமியார் இருமும் சத்தம் உங்களுக்குப் பழகிய சத்தம். அவளுக்கு அது காவல்காரர் இருமுவது மாதிரி. பயத்தில் அவள் உடம்பும் இறுகும், இறுகினால் வலிக்கும். முதலிரவு நடக்காமல் போவதற்கு இருவர் பயமும் சேர்ந்தே காரணமாக இருப்பதுண்டு. பழியை மட்டும் ஒருவர் தலையில் போட்டுவிடுகிறோம்.

படுக்கையில், விளக்கணைத்து, தோற்ற கையோடு பேசாதீர்கள். கடைத்தெருவுக்குப் போகும்போதோ, துணி துவைக்கும் இடத்திலோ, மொட்டை மாடியில் மிளகாய் காயப்போடும்போதோ பேசுங்கள். நீளமாகப் பேசவேண்டாம். "உன்னை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பக்கத்தில் எல்லோரும் இருப்பதால் பதற்றமாக இருக்கிறது, அதனால்தான் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அவசரப்படாமல் பழகிக்கொள்வோமா?" இவ்வளவு போதும். பெரும்பாலான பெண்கள் இதைக் கேட்டதும் பெருமூச்சு விடுவார்கள், ஏனென்றால் அவர்களும் இதையே சொல்ல வழி தெரியாமல் இருந்திருப்பார்கள்.

அவளுக்கு விருப்பமில்லாத இரவு விருப்பமில்லாத இரவுதான். ஏலக்காய்க் காட்டு வேலைக்கு விடியற்காலை ஜீப் ஏறி, மழையில் நனைந்து, அட்டைக்கடியோடு பொழுது சாயத் திரும்பி, சமைத்துப் பாத்திரம் கழுவிவிட்டுப் படுக்கிறவளிடம் உங்கள் ஆண்மையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அந்த நேரத்தில் அவள் காலை அமுக்கிவிட்டால் அடுத்த நாளைக்கு நல்லது.

தனிமையை ஏற்பாடு செய்யுங்கள்

தனிமை தானாக அமையும் என்று காத்திருந்தால் முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்க வேண்டும். இதைக் கல்யாண மண்டபம் பார்ப்பதைப்போல ஒரு வேலையாக எடுத்துச் செய்யவேண்டும். மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே முன்பணம் கட்டுகிறவர்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

தாழ்ப்பாளிலிருந்தே ஆரம்பியுங்கள். உள்ளிருந்து போடக்கூடிய உறுதியான தாழ்ப்பாள், ஜன்னலுக்குக் கனமான திரை. கிறீச்சிடும் கட்டிலைப் பிரித்து வைத்துவிட்டுத் தரையில் மெத்தை போடுங்கள். கட்டில் சத்தத்துக்குப் பயந்து அசையாமல் கிடப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். மின்விசிறி சத்தம் போடட்டும். மலையில் குளிருக்கு விசிறி வேண்டாம் என்றால் ஒரு பழைய வானொலியைத் தாழ்வாகப் பாடவிடுங்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும் இரவுகள் லயத்துத் தம்பதிகளுக்கு இயற்கை தந்த சலுகை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்காலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. இரவில் கழிப்பறைக்கு எல்லோரையும் தாண்டிப் போகவேண்டிய வீடாக இருந்தால், அறைக்குள்ளேயே ஒரு குடம் தண்ணீரும் துண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கதவைத் திறந்துகொண்டு போகவேண்டுமே என்ற நினைப்பு முன்னாலேயே ஆளைக் கெடுத்துவிடும்.

இரவுதான் நேரம் என்று எந்தச் சாஸ்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ சந்தைக்கோ போகும் இரண்டு மணி நேரம், நள்ளிரவில் மூச்சை அடக்கிக்கொண்டு கழிக்கும் மூன்று மணி நேரத்தைவிட மேல். அப்பா அம்மாவிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டில் ஒரு அக்காவோ மதினியோ இருப்பார். "மதினி, வீட்டில் ஒரே கூட்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். மீதியை அவர் புரிந்துகொண்டு, மறுநாளே மாமியாரைத் தன் வீட்டுக்கு ஊறுகாய் போட அழைத்துப் போய்விடுவார். இந்த விஷயத்தில் நம் பெண்கள் ஆண்களைவிட நூறு மடங்கு விவரமானவர்கள்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் இரண்டு இரவு வெளியே தங்குங்கள். தேக்கடியில் ஆனி, ஆடி மழையில் அறைகள் காலியாகக் கிடக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை மட்டும் குமுளிப் பக்கம் அறை தேடாதீர்கள். எங்கு பார்த்தாலும் சாமிமார்கள், சரண கோஷம், விடுதி முழுக்க இருமுடி. இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். வரவேற்பறையில் வெட்கத்தோடு நின்றால் சந்தேகப்படுவார்கள். நிமிர்ந்து நின்று சாவியைக் கேளுங்கள்.

ஆடி மாதம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம் இருக்கும் வீடுகளில் ஆவணி முதல் நாள் இன்னொரு பரீட்சை மாதிரி வந்து நிற்கும். ஒரு மாதப் பிரிவுக்குப் பிறகு 'சேர்த்துவைத்து' எதையோ சாதிக்கவேண்டும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்வார். முதல் வாரம் எதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கு உடலுறவே வேண்டாம்

கேட்டதும் விநோதமாக இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற இருவர் பல தம்பதிகளுக்குச் சிகிச்சை அளித்து, 1970-இல் வெளியிட்ட முறை இது. இன்றும் பாலியல் மருத்துவர்கள் இதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவன் தன் உடம்பைத் தானே வெளியில் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பதுதான் கோளாறுக்கு வேர் என்று அவர்கள் கண்டார்கள். வீட்டிலிருக்கும் எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக அவனே வந்து உட்கார்ந்துவிடுகிறான். அந்த ஒன்பதாவது ஆளை எழுப்பி அனுப்புவதற்கான பயிற்சி இது.

முதல் கட்டத்தில் உடலுறவுக்குத் தடை. மார்பகம், பிறப்புறுப்பு இரண்டையும் தொடுவதற்கும் தடை. மற்ற இடங்களை ஒருவர் மாற்றி ஒருவர் நிதானமாகத் தொடவேண்டும்: தலை, கழுத்து, முதுகு, கை, பாதம். ஒருவர் தொடும்போது மற்றவர் சும்மா படுத்திருக்க வேண்டும். தொடுகிறவர் மற்றவரைக் கிளர்ச்சியூட்டுவதற்காகத் தொடவேண்டாம். தன் விரலுக்கு அது எப்படி இருக்கிறது என்று மட்டும் கவனித்தால் போதும். சூடு, மென்மை, மஞ்சள் வாசனை, வேலை செய்து காய்த்த உள்ளங்கை. பத்துப் பதினைந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். விறைப்பு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், எதுவும் செய்யவேண்டியதில்லை.

நிம்மதியாக இருக்கிறது என்று இருவரும் சொல்லும்போது இரண்டாம் கட்டம். மார்பகத்தையும் பிறப்புறுப்பையும் சேர்த்துத் தொடலாம். உடலுறவுக்குத் தடை நீடிக்கும். இங்கே ஒரு முக்கியமான பயிற்சி இருக்கிறது. விறைப்பு வந்ததும் தொடுவதை நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை பேசிக்கொண்டிருங்கள். பிறகு மீண்டும் தொடுங்கள், மீண்டும் வரும். போனது திரும்பி வரும் என்று உடம்பே இரண்டு மூன்று முறை பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, போய்விடுமோ என்ற பயத்துக்கு வேலை இல்லை. எத்தனை புத்திமதி சொன்னாலும் ஏறாதது இந்த ஒரு பயிற்சியில் ஏறிவிடும்.

மூன்றாம் கட்டத்தில் மனைவி மேலிருந்தபடி, அவள் விருப்பத்துக்கும் வேகத்துக்கும் உறுப்புகள் தொடும்படி இருக்கலாம்; உள்ளே நுழைந்தாலும் அசையாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு விலகலாம். அவளுக்கு வலித்தால் உடனே நிறுத்தவேண்டும், முந்தைய கட்டத்துக்குத் திரும்பவேண்டும். அதன் பிறகு அவசரமில்லாமல் முழுமையான உறவு. பாதியிலேயே தடையை மீறிவிடுகிற தம்பதிகளும் உண்டு. மீறியதற்காக யாரும் அபராதம் போடப்போவதில்லை, ஆனால் "இன்று மீறிப் பார்த்துவிடுவோம்" என்று கணக்குப் போட்டு மீறினால் பழைய பரீட்சை திரும்பி வந்துவிடும். கருத்தடை வேண்டுமென்றால் எந்த முறை என்பதை முன்பே பேசி முடிவுசெய்து வையுங்கள். அந்த நேரத்தில் ஆணுறை உறையைக் கிழிக்கத் தடுமாறுவதே சிலருக்குப் போதுமான கலக்கம். தனியாக இருக்கும்போது போட்டுப் பழகிக்கொள்வது நல்லது. ஆணுறையோடு எண்ணெய் சேராது, ரப்பர் கிழிந்துவிடும்.

இடையில் மனம் ஓடினால் (ஓடும்: அப்பா விழித்திருக்கிறாரா, நாளைக்கு ஜீப்பில் இடம் கிடைக்குமா) அதை அதட்டவேண்டாம். மூச்சை மெதுவாக, உள்ளிழுத்ததைவிட நீளமாக, வெளியே விடுங்கள். பிறகு கை எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறதோ அங்கே கவனத்தைக் கொண்டுவாருங்கள்.

நண்பர்களை வாசலோடு நிறுத்துங்கள்

வீட்டிலுள்ளவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்றால் நண்பர்கள் சுவருக்கு உள்ளேயே, தலைக்குள், வந்து உட்கார்ந்துகொள்கிறவர்கள். முதலிரவுக்கு மறுநாள் காலை, "என்ன மாப்பிள்ளை, எத்தனை?" என்று குறுஞ்செய்தி அனுப்புகிற கூட்டம். அவர்களில் ஒருவனாவது உண்மை சொன்னதாகச் சரித்திரம் இல்லை. நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 500 தம்பதிகள் கையில் நிறுத்துக்கடிகாரத்தைக் கொடுத்து அளந்து 2005-இல் வெளியான ஆய்வில், உறுப்பு நுழைந்ததிலிருந்து விந்து வெளியேறும்வரை ஆன நேரத்தின் நடு அளவு 5.4 நிமிடம். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று பெட்டிக்கடை முன்னால் அளப்பவரை அந்தக் கடிகாரத்தோடு உட்காரவைக்க வேண்டும். கைப்பேசியில் வரும் ஆபாசப் படங்களும் இதே ரகம். வெட்டி ஒட்டிய படம், மருந்து போட்ட நடிகர்; அதை அளவுகோலாக வைத்துத் தன்னை அளந்துகொள்கிறவன் வருத்தப்படத்தான் வேண்டும்.

எத்தனை என்று கேட்பவனுக்கு, "கல்யாணச் செலவுக் கணக்கைக் கேட்கிறாயா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு நகருங்கள். மூன்றாம் மாதமே, "விசேஷம் ஏதும் உண்டா?" என்று விசாரிக்கும் அத்தைமார்களுக்குச் சிரிப்பு ஒன்றே பதில்.

தைரியத்துக்கு ஒரு கட்டிங் போட்டுவிட்டுப் போ என்பவர் நண்பரே இல்லை. கொஞ்சம் மது கூச்சத்தைக் குறைப்பது உண்மை. அதற்கு மேல் போனால் நரம்பை மந்தமாக்கி விறைப்பைப் படுக்கவைத்துவிடும். சாராய நாற்றத்தோடு வரும் புருஷனைப் புதுப்பெண் எப்படிப் பார்ப்பாள் என்பது தனி.

மாத்திரை, லேகியம், லாட்ஜ் வைத்தியர்

நான் விற்கிற பொருளைப் பற்றி நானே சொல்கிறேன். சில்டெனாஃபில் (வயாக்ரா) என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1998 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. ரத்தக்குழாய் தளர்வதை நீட்டிக்கிற மருந்து அது. ஆசையை உண்டாக்காது, பயத்தைப் போக்காது. விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் தலைவலியும் முகச்சிவப்பும்தான் மிச்சம். வயிறு முட்டப் பிரியாணி தின்றுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். நெஞ்சுவலிக்காக நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டால் வெட்கம் பார்க்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டும். பயத்தின் வட்டத்தை உடைக்க டாக்டர்களே சிறிது காலத்துக்கு இதை எழுதிக் கொடுப்பதுண்டு. அது டாக்டரின் சீட்டோடு, அளவோடு. சீட்டில்லாமல் கேட்பவருக்கு நான் கொடுப்பதில்லை. கொடுக்கிற கடைகள் எல்லைக்கு இருபுறமும் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும்.

'பக்கவிளைவே இல்லாத மூலிகை' என்று விற்கும் பொட்டலங்களில் சில்டெனாஃபிலையே அரைத்துக் கலந்திருப்பது பல நாடுகளின் பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நைட்ரேட் எடுக்கும் பெரியவர் அதை மூலிகை என்று நம்பித் தின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லாட்ஜில் அறை எடுத்து, மாதம் ஒரு தேதி முகாமிடும் வைத்தியர்கள் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "கைப்பழக்கம் உண்டா?" உண்டு என்று சொல்லாத ஆண் இல்லை. அங்கேயே ஆள் மாட்டிக்கொண்டார். விந்து வீணாவதால் உடல் தேய்கிறது என்று அஞ்சி வாடுவதை 1960-இல் என்.என். விக் என்ற இந்திய மனநல மருத்துவர் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டு எழுதினார். தேய்வது பயத்தால், விந்தால் அல்ல. சுய இன்பத்தாலோ தூக்கத்தில் வெளியேறுவதாலோ ஆண்மை குறைவதில்லை. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். சுவரொட்டியைப் பார்த்ததும் இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பணம் மிஞ்சும்.

டாக்டரிடம் எப்படிப் போவது

இரண்டு மூன்று மாதம் மேலே சொன்னபடி முயன்றும் மாற்றமில்லை, அல்லது மனம் சோர்ந்து வேலைக்கே போகப் பிடிக்கவில்லை என்றால் போய்த்தான் ஆகவேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி. இந்தப் பக்கம் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. பொது மருத்துவத்தில் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துவிட்டு, சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். மனநலப் பிரிவு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இந்தப் பயத்தைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வெளிநோயாளிகள் அறையில் டாக்டரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், அதில் உங்கள் ஊர்க்காரரும் இருக்கலாம். ஒரு தாளில் நாலு வரி எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை மாதமாக, காலை விறைப்பு உண்டா, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள், தனியாகப் பேசவேண்டும். தாளை நீட்டினால் டாக்டர் புரிந்துகொள்வார். மனைவியும் கூட வந்தால் சிகிச்சை வேகமாக நடக்கும். நேரில் போகவே கால் வரவில்லை என்றால் மத்திய அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

குழந்தைக்காகப் பரிசோதனை என்று வந்தால்

கூட்டத்துக்கு நடுவே செய்துகாட்டச் சொல்லும் இன்னொரு இடம் விந்துப் பரிசோதனை. கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, ஆய்வகத்தின் மூலையிலிருக்கும் கழிப்பறையைக் காட்டுவார்கள். வெளியே ஆட்கள் நடமாட்டம், கதவைத் தட்டும் சத்தம். வராமல் போவது சகஜம். பணியாளர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள், உங்களுக்கு மட்டும்தான் இது புதிது.

பரிசோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விந்து வெளியேறாமல் இருக்கவேண்டும். எச்சில், சோப்பு, எண்ணெய் எதுவும் படக்கூடாது. சாதாரண ஆணுறையில் சேகரிக்கக் கூடாது. முதலில் வருவதில்தான் அணுக்கள் அதிகம் என்பதால் அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே எடுத்து வரலாமா என்று ஆய்வகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கு வந்துசேர வேண்டும். வண்டிப்பெரியாற்றிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்குகிறவர்களுக்கு அது நடக்காது. முந்தின நாள் மாலையே மனைவியோடு புறப்பட்டு, ஆய்வகத்துக்கு நடக்கும் தூரத்தில் ஓர் அறை எடுங்கள். காலையில் அறையிலேயே எடுத்து, குப்பியில் பெயரும் நேரமும் எழுதி, சூடு ஆறாமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு இருவரும் டிபன் சாப்பிடப் போகலாம்.